துறைக் கண்காட்சி நடத்தும் பொறுப்பு வந்திருக்கிறதா? முதன்முறை இறங்கும் மாணவர் குழுவுக்கு ஒரு வழிகாட்டி

பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு நடக்கும்போதே இந்தப் பொறுப்பு வந்து சேர்ந்துவிடும். துறைத் தலைவர் கூப்பிட்டு, "இந்த வருஷம் நம்ம டிபார்ட்மென்ட் எக்ஸ்போவை நீங்கதான் பண்ணணும், ஒரு டீம் போட்டுக்கோங்க" என்பார். சில கல்லூரிகளில் இதுவே பாடத்தின் குழுத் திட்டமாகவும் இருக்கும், மதிப்பெண்ணும் உண்டு. எப்படி வந்தாலும் அடுத்து நடப்பது ஒன்றுதான். வாட்ஸ்அப் குரூப் தொடங்கி, என்ன பெயர் வைக்கலாம், லோகோ எப்படி இருக்கணும், டி-ஷர்ட் என்ன கலர் என்று பேச ஆரம்பிப்பார்கள். இரண்டு வாரம் அதிலேயே போய்விடும்.

நான் வேறு இடத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். பார்க்க வருகிறவர் யார், வாசலில் நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை என்ன பார்ப்பார், என்ன கேட்பார் என்பதை முதலில் எழுதிவிடுங்கள். தேதி, இடம், மேஜை, பணம், ஆள் என்று எல்லாக் கேள்விக்கும் விடை அதிலிருந்தே வரும். பல வருஷம் படித்ததை வெளியாட்களுக்குக் காட்டக் கிடைக்கும் அபூர்வமான நாள் இது. யாருக்கும் புரியாத போஸ்டர்களாலும் ஆள் நிற்காத ஸ்டால்களாலும் அது வீணாவதைப் பார்க்க எனக்கு மனசு வருவதில்லை.

யார் வரப்போகிறார்கள்?

"எல்லோரும் வரலாம்" என்று அழைப்பிதழில் போடலாம், ஆனால் திட்டம் போடும்போது அது உதவாது. முதன்மைப் பார்வையாளர் என்று ஒரே ஒரு வகையினரைத் தேர்ந்தெடுங்கள். பள்ளி மாணவர்கள், தொழிற்சாலைக்காரர்கள், பெற்றோர், பக்கத்து ஊர் விவசாயிகள், இவர்களில் ஒருவர். மற்றவர்களும் வரட்டும், நல்லதுதான். ஆனால் எந்தச் சந்தேகம் வந்தாலும் அந்த முதன்மைப் பார்வையாளரை நினைத்து முடிவெடுக்க வேண்டும்.

இதை ஒரு பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். உதாரணமாக: "பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியின் 9ஆம் வகுப்பு மாணவி. மின்னோட்டம் பற்றி இப்போதுதான் படிக்கிறாள். தமிழ் வழி. நம்மிடம் 90 நிமிடம் இருப்பாள். அவளுடைய பள்ளி பஸ் 12.30க்குக் கிளம்பிவிடும்." இந்த நாலு வரி போதும், பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும். போஸ்டர் தமிழில் இருக்க வேண்டும். காலை 9.30க்கே ஸ்டால்கள் தயாராக இருக்க வேண்டும். குடிதண்ணீரும் பெண்கள் கழிப்பறையும் ஹாலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தேதியும் இதிலிருந்தே வரும். பள்ளிகள் பிப்ரவரியில் செய்முறைத் தேர்விலும் மார்ச்சில் பொதுத்தேர்விலும் மூழ்கிவிடும். ஆசிரியர்களை அப்போது வெளியே அனுப்ப மாட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, திறந்தவெளிப் பந்தலை நம்ப முடியாது. பொங்கல் விடுமுறையும் குடியரசு தினமும் முடிந்து, செய்முறைத் தேர்வு தொடங்கும் முன் வரும் ஒரு வாரம்தான் பெரும்பாலும் தோதாக அமைகிறது. இறுதியாண்டு மாணவர்களின் திட்டங்கள் அப்போது அரைகுறையாக இருக்கும் என்பது உண்மை. அரைகுறையாக இருந்தாலும் இயங்குகிற ஒன்றைக் காட்டுவதில் தவறில்லை.

தொழில்துறையினர்தான் உங்கள் பார்வையாளர் என்றால் கணக்கு வேறு. அவர்கள் வருவது தங்கள் பிரச்சினையை யாராவது தொட்டிருக்கிறார்களா என்று பார்க்க. கோயம்புத்தூரில் பம்ப், மோட்டார் செய்பவர்கள், திருப்பூரில் சாயக்கழிவோடு போராடுபவர்கள், நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள், இவர்களுக்குப் பொதுவான அழைப்பிதழ் அனுப்பிப் பயனில்லை. "உங்கள் பண்ணைக் கொட்டகையின் வெப்பத்தை அளக்கும் கருவி ஒன்றை எங்கள் மாணவர்கள் செய்திருக்கிறார்கள், வந்து குறை சொல்லுங்கள்" என்று பெயரிட்டு எழுதிய கடிதம் வேலை செய்யும்.

எத்தனை ஸ்டால்?

ஒரு சின்னக் கணக்கு. 40 ஸ்டால், ஒவ்வொன்றிலும் 4 நிமிடம் என்றால் 160 நிமிடம். 90 நிமிடம்தான் இருக்கிறது, அதில் நடப்பதற்கும் தண்ணீர் குடிப்பதற்கும் 20 நிமிடம் போய்விடும். ஆக ஒருவர் நிதானமாகப் பார்க்கக்கூடியது அதிகபட்சம் பதினேழு ஸ்டால்தான். 20 முதல் 24 வரை வைத்து, அவரவர் விருப்பப்படி தேர்ந்தெடுக்க விடுவது நல்லது.

ஸ்டால்களைப் பிரிக்கும்போது ஐஓடி, மெஷின் லேர்னிங், ரோபோட்டிக்ஸ் என்று தொழில்நுட்பப் பெயரில் பிரிக்காதீர்கள். அது நம் பாடத்திட்டத்தின் பிரிவு, வருகிறவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. தண்ணீர், வயல், ஆஸ்பத்திரி, சாலை, வீடு என்று பிரித்தால் யாருக்கும் வழி தெரியும். தங்களுக்கு வேண்டியதை நோக்கி அவர்களே நடந்துபோவார்கள்.

இடம் கிடைக்காத குழுக்களிடம் பேசுவதுதான் இதில் கடினமான வேலை. விதிகளை முன்கூட்டியே எழுத்தில் அறிவியுங்கள்: பார்வையாளர் கண்முன் ஏதாவது ஒன்று இயங்க வேண்டும், அல்லது அவர் கையால் தொட்டுப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். தேர்வு செய்யும் இடத்தில் ஒரு பேராசிரியராவது உட்காரட்டும். முழு முடிவையும் மாணவர்களே எடுத்தால், நண்பனுக்கு இடம் கொடுத்தார்கள் என்ற பேச்சு வரும், அந்தக் கசப்பு வருஷம் முழுக்க வகுப்பில் இருக்கும். விடுபட்டவர்களுக்குப் போஸ்டர் வரிசை ஒன்று ஒதுக்குங்கள்.

குழுவும் பொறுப்பும்

மையக் குழுவில் 12 பேர் போதும். ஸ்டால்கள், இடமும் மின்சாரமும், விருந்தினரும் பள்ளிகளும், பணம், விளம்பரமும் அச்சும் என்று ஐந்து வேலை. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பு ஒரே ஒருவர் பெயரில் இருக்கட்டும். இரண்டு பேர் பெயரைப் போட்டால் "அவன் பார்த்துக்குவான்னு நினைச்சேன்" என்பதில்தான் முடியும். வாரம் இரண்டு முறை, 20 நிமிடம், நின்றுகொண்டே கூடிப் பேசுங்கள். எடுத்த முடிவை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் எடுத்த முடிவு அடுத்த நாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும்.

மதிப்பெண் உள்ள குழுத் திட்டமாக இருந்தால், யார் எந்த வேலையை எப்போது முடித்தார்கள் என்பது அந்த நோட்டிலேயே இருக்கும். கடைசியில் தனித்தனியாக மதிப்பெண் போடும்போது சண்டை வராது.

இன்னொன்றை அழுத்தமாகவே சொல்ல வேண்டும். ராத்திரி உட்கார்ந்து ஸ்டால் போடுவது பல கல்லூரிகளில் வழக்கம். பெண்கள் விடுதியில் மாலையிலேயே வருகைப்பதிவு எடுத்துவிடுவார்கள், வெளியூர் பஸ்ஸில் வந்துபோகும் மாணவிகளும் 4.30க்குக் கிளம்ப வேண்டும். இதனால் மின்சாரம், மேடை அமைப்பு போன்ற வேலையெல்லாம் பையன்கள் கைக்குப் போய், மாணவிகளுக்கு வரவேற்பும் கோலமும் மட்டும் மிஞ்சுகிறது. இது சரியில்லை. முந்தின நாள் மதியத்திலிருந்தே ஹாலைக் கேட்டு வாங்கி, முழு அமைப்பையும் பகலில் முடிக்கத் திட்டமிடுங்கள். சர்க்யூட் தெரிந்த மாணவி மின்சாரப் பொறுப்பை எடுக்கட்டும்.

அனுமதி

முதல் போன் தேர்வுப் பிரிவுக்கு. இன்டர்னல் தேர்வு தேதியோடு மோதினால் மற்ற எதுவும் நடக்காது. அப்புறம் பொறுப்பாசிரியர், துறைத் தலைவர், முதல்வர் என்று கடிதம் போகும். ஹால், ஆடியோ, ஜெனரேட்டர், வாசலில் வெளியாட்களை விடுவது, ஸ்டாலில் நிற்பவர்களுக்கு ஓ.டி. (வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகக் கணக்கிடும் 'ஆன் டூட்டி'), எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எண் போட்டுக் கேளுங்கள். கையெழுத்தான நகலைச் செக்யூரிட்டி அறைக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் நேரில் கொடுங்கள். அவர்களிடம் முதல்வாரமே போய் வணக்கம் சொல்லிப் பேசிவைப்பது எந்தக் கையெழுத்தையும்விட அதிகமாக உதவும்.

பணம்

கல்லூரி தரும் முன்பணம், துறைச் சங்கத்தின் இருப்பு, உள்ளூர்க் கடைகளின் விளம்பரம், பெரும்பாலும் இவ்வளவுதான் வழி. எந்தப் பணத்தையும் ஒரு மாணவரின் சொந்த யூபிஐ கணக்கில் வாங்காதீர்கள். எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் கேள்வி வரும், பதில் சொல்லித் தீராது. எல்லாப் பில்லும் கல்லூரி பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு இருந்தால்தான் கணக்குப் பிரிவு ஏற்கும், அதைக் கடைக்காரரிடம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்து, கடைசி நாள்வரை தொடாமல் இருங்கள்.

தேநீருக்கு ஒரு குறிப்பு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. கேன்டீனில் எவர்சில்வர் டம்ளர் கேளுங்கள், கழுவ ஒருவருக்குக் கூலி ஒதுக்குங்கள். பேனரையும் ஃப்ளெக்ஸுக்குப் பதில் துணியில் அடித்து, ஆண்டு எண் போடாமல் வைத்தால் அடுத்த வருஷமும் ஆகும்.

இடம், கரண்ட், வைஃபை

கண்காட்சிகள் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஹாலை டேப் வைத்து அளந்து, கட்டம் போட்ட தாளில் வரையுங்கள். ஆறடிக்கு இரண்டடி மேஜை, பின்னால் இருவர் நிற்க இடம், முன்னால் பார்வையாளர் கூட்டம் என்று வரைந்தால், நடைபாதை குறைந்தது இரண்டரை மீட்டராவது வேண்டும் என்பது தெரியும். சக்கர நாற்காலி தடையில்லாமல் போக 90 சென்டிமீட்டர் கட்டாயம் வேண்டும், கூட்டம் நிற்கும்போதும் அந்த அளவு மிஞ்ச வேண்டும். வாசலில் படி இருந்தால் சாய்தளம் போடுங்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சரிவின் கணக்கு. இரண்டு படிக்கு ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் அது ஏறக்கூடிய சாய்தளம் ஆகாது.

கரண்ட். ஒவ்வொரு ஸ்டாலிடமும் ஒரு படிவத்தில் எழுதி வாங்குங்கள்: என்னென்ன கருவி, ஒவ்வொன்றும் எத்தனை வாட். சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் தாங்குவது 1,380 வாட். லேப்டாப் ஒன்றுக்கு 65 வாட் என்று வைத்தால் 20 லேப்டாப்புக்கே 1,300 ஆகிவிடும். அதே லைனில் யாராவது ஹீட் கன்னையோ கெட்டிலையோ சொருகினால் எம்சிபி (சுமை கூடினால் தானாக அணையும் ஸ்விட்ச்) விழும், ஒரு வரிசை முழுக்க இருட்டாகும். ஹீட்டர், கம்ப்ரஸர், பெரிய மோட்டார் வைத்திருப்பவர்களை 16 ஆம்பியர் சாக்கெட் இருக்கும் சுவரோரம் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுப்பதை அறவே தடுங்கள். தரையில் ஓடும் வயரை அகலமான டேப்பால் முழு நீளத்துக்கும் ஒட்டுங்கள்.

வைஃபையை நம்பி எந்த டெமோவையும் வைக்காதீர்கள். நம் மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் இஎஸ்பி8266 என்ற சின்ன வைஃபை போர்டு 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் பேசும். போன் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் அந்தப் போர்டின் கண்ணுக்கே படாது. எல்லோரும் 2.4க்கு வந்தால் நூறு போன்களோடு சேர்ந்து நெரிசலில் திணறும். ப்ளூடூத்திலும் இதே கதை. ஹெச்சி-05 என்ற ப்ளூடூத் மாட்யூல் எல்லாம் கடையிலிருந்து வரும்போது அதே பெயர், பெரும்பாலும் 1234 என்ற அதே பின். பக்கத்துப் பக்கத்து ஸ்டாலில் மூன்று இருந்தால், ஒருவரின் ஆப் இன்னொருவரின் ரோபோவைத் தேடிக்கொண்டிருக்கும். முந்தின வாரமே ஸ்டால் எண்ணைச் சேர்த்து எல்லாவற்றுக்கும் பெயர் மாற்றச் சொல்லுங்கள். கூடவே, டெமோ நன்றாக ஓடும்போது ஒரு நிமிட வீடியோ எடுத்து லேப்டாப்பில் வைத்திருக்க வேண்டும். கருவி மக்கர் பண்ணினாலும் வந்தவருக்குக் காட்ட ஏதாவது இருக்கும்.

ட்ரோன், ரோபோக்களில் வரும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகளைக் கூட்டத்துக்கு நடுவில் சார்ஜ் போடக் கூடாது. ஆள் பார்வையில், தனி மேஜையில், பக்கத்தில் மணல் வாளியோடு செய்யுங்கள். ட்ரோன் என்றால் வலை கட்டிய கூண்டுக்குள் மட்டும். வெளியே பறக்கவிட ஆசைப்பட்டால், 2021 ட்ரோன் விதிகளின்படி உங்கள் கல்லூரி எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் பாருங்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

ஸ்டாலில் என்ன பேசுவது?

கண்காட்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆனால் குழுக்கள் மிகக் குறைவாக நேரம் ஒதுக்குவதும் இதற்குத்தான்.

பல மாணவர்கள் ரெவ்யூவுக்கு, அதாவது பேராசிரியர்கள் திட்டத்தை மதிப்பிடும் நாளுக்கு, தயாரித்த பேச்சையே ஸ்டாலிலும் ஒப்பிப்பார்கள். "எங்க பிராஜெக்ட் டைட்டில் ஐஓடி பேஸ்டு ஸ்மார்ட் இரிகேஷன் சிஸ்டம், எக்ஸிஸ்டிங் சிஸ்டத்துல என்ன டிராபேக்னா..." இந்த இடத்தில் 9ஆம் வகுப்பு மாணவியின் பார்வை அடுத்த ஸ்டாலுக்குப் போயிருக்கும். ஸ்டால் பலகையிலேயே "மண் காய்ந்தால் தானாகத் திறக்கும் சொட்டுநீர்" என்று போடுங்கள். மேஜையில் இரண்டு தொட்டி, ஒன்றில் காய்ந்த மண், ஒன்றில் ஈர மண். சென்சாரை அவள் கையில் கொடுத்து, "இதுல குத்துங்க, இப்ப அதுல குத்துங்க" என்றால், வால்வு டக்கென்று திறக்கும் சத்தம் கேட்கும். அதன் பிறகு அவளே கேள்வி கேட்பாள். அப்போது எவ்வளவு ஆழமாக வேண்டுமானாலும் விளக்கலாம்.

ஒவ்வொரு குழுவும் 90 நொடிப் பேச்சு ஒன்றைத் தமிழில் தயாரிக்கட்டும். இது யாருக்கு உதவும், என்ன செய்கிறது, வந்தவர் கையால் என்ன செய்து பார்க்கலாம். மூன்றே செய்தி. துறைச் சொற்களைத் தவிர்க்க முடியாவிட்டால் பொருளைக் காட்டிச் சொல்லுங்கள். சென்சாரைக் கையில் பிடித்துக்கொண்டு சென்சார் என்றால் யாருக்கும் புரியும்.

அதைவிட முக்கியம், வரப்போகும் கேள்விகளுக்குத் தயாராவது. அதே சொட்டுநீர் ஸ்டாலுக்கு ஒரு விவசாயி வந்தால் முதலில் கேட்பது விலையாக இருக்கும். அடுத்தது, "எங்களுக்கு மும்முனை கரண்ட் இல்லாத நேரத்துல மண்ணு காஞ்சா என்ன பண்ணும்?" மூன்றாவது, "தென்னைக்கு வேர் எவ்வளவு ஆழம் போகும், உங்க குச்சி இவ்வளவுதானே இருக்கு?" நான்காவது, இரண்டு கம்பி வெளியே தெரியும் மலிவு சென்சார் ஈர மண்ணிலேயே கிடந்தால் மின்னோட்டத்தால் அரித்துப்போகும் என்பதை அனுபவத்தில் அறிந்த யாராவது, "ஒரு சீசன் தாங்குமா?" என்பார். இந்தக் கேள்விகளுக்கு மழுப்பலாகப் பதில் சொல்லாதீர்கள். "இது இன்னும் செய்யல, நீங்க சொன்னதை எழுதிக்கிறோம்" என்று சொல்லி அவர் எதிரிலேயே எழுதுங்கள். ரெவ்யூவில் கிடைக்காத திருத்தம் அங்கேதான் கிடைக்கிறது.

ஸ்டாலுக்கு நான்கு பேர் இருந்தால் இருவர் பேசட்டும், இருவர் மற்ற ஸ்டால்களைப் பார்க்கட்டும், மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ளட்டும். நாள் முழுக்க ஒருவரே நின்றால் மதியத்துக்கு மேல் குரலும் போய்விடும், ஆர்வமும் போய்விடும்.

போஸ்டர்

ஸ்டாலுக்கு ஒன்று, ஏ1 அளவு போதும். தலைப்பு மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் தெரிய வேண்டும், அதற்கு எழுத்தின் உயரம் ஓர் அங்குலமாவது இருக்கட்டும். உள்ளே எழுத்து 30 புள்ளிக்குக் குறைய வேண்டாம். தமிழ் எழுத்தில் சுழி அதிகம், சின்னதாகப் போட்டால் ஆங்கிலத்தைவிடச் சீக்கிரம் மங்கிவிடும். ஒரு பெரிய படம், ஐந்தாறு வாக்கியம், அவ்வளவுதான்.

அச்சுக்குக் கொடுக்கும்போது கவனமாக இருங்கள். யூனிகோடில் அடித்ததை அச்சகத்தின் பழைய மென்பொருளில் ஒட்டினால் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி, "கொடி" என்பது வேறு எதுவாகவோ வரும். எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப்பாக, அல்லது எழுத்தை வடிவமாக மாற்றிக் கொடுங்கள். முதல் பிரதியை, துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் சத்தமாக வாசித்துப் பார்க்கட்டும்.

ஒத்திகை

நிகழ்ச்சிக்கு நான்கு நாள் முன்னால் முழு ஒத்திகை ஒன்று வேண்டும். பேராசிரியர்களை அழைக்காதீர்கள், அவர்களுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். அலுவலக ஊழியர்கள், கேன்டீன் அக்காக்கள், பஸ் ஓட்டுநர் அண்ணன்கள், தோட்டக்காரர், இவர்களை மரியாதையோடு அழையுங்கள். தினமும் நம்மைப் பார்க்கிறவர்கள், ஆனால் உள்ளே என்ன செய்கிறோம் என்று யாரும் அவர்களுக்குக் காட்டியிருக்க மாட்டார்கள். எந்த ஸ்டாலில் அவர்கள் நிற்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள் என்று ஒருவர் ஓரமாக நின்று குறிக்கட்டும். தாண்டிப்போன ஸ்டால்களைச் சரிசெய்ய இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

முடிந்தால் குழுவில் நாலைந்து பேர், ஐஐடி மெட்ராஸில் சென்டர் ஃபார் இன்னோவேஷன் மாணவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் ஓப்பன் ஹவுஸைப் போய்ப் பாருங்கள். 2008இல் தொடங்கிய அந்த மையத்தில், மாணவர்களே நின்று தங்கள் கருவிகளை விளக்குவார்கள். திட்டங்களைப் பார்ப்பதோடு, அவர்கள் எப்படி நிற்கிறார்கள், கூட்டத்தை எப்படிப் பிரித்து அனுப்புகிறார்கள் என்றும் கவனியுங்கள்.

அன்றைக்கு

தொடக்க விழாவை 25 நிமிடத்துக்குள் முடியுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 நொடி போதும். நேரம் போவது பொன்னாடை, நினைவுப் பரிசு, ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறிமுகம் ஆகியவற்றில்தான். மேடையில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம் என்று முன்கூட்டியே துறைத் தலைவரிடம் பேசி ஒப்புதல் வாங்குங்கள். சிறப்பு விருந்தினரை எல்லா ஸ்டாலுக்கும் இழுக்காமல், அவருக்கு ஆர்வமுள்ள ஐந்துக்கு அழைத்துப்போங்கள். அந்த நேரத்திலும் பள்ளிப் பிள்ளைகளின் வரிசை நிற்காமல் நகர வேண்டும்.

பள்ளிக் குழுக்களைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாலண்டியரை அனுப்புங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் தொடங்கினால் முதல் ஸ்டாலில் நெரிசலும் கடைசி ஸ்டாலில் வெறுமையும்தான் இருக்கும். ஒரு குழு தண்ணீரிலிருந்து, அடுத்தது சாலையிலிருந்து தொடங்கட்டும். மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், ஃபியூஸ், டேப், கூடுதல் யூஎஸ்பி வயர், 9 வோல்ட் பேட்டரி, முதலுதவிப் பெட்டி எல்லாம் ஒரு மேஜையில், ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

படம் எடுப்பவரிடம் ஜியோடேக் (எடுத்த இடம் படத்திலேயே பதிவாவது) போட்டு எடுக்கச் சொல்லுங்கள். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கான கோப்புக்கு அதுதான் கேட்பார்கள், பிறகு எடுக்க முடியாது. பள்ளிப் பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை ஆசிரியரிடம் கேட்காமல் எங்கும் பதிவேற்ற வேண்டாம்.

முடிந்த பிறகு

அன்று மாலையே ஹாலைப் பழையபடி ஒப்படைத்து, எலக்ட்ரீஷியனிடமும் துப்புரவுப் பணியாளர்களிடமும் நேரில் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு வாரத்துக்குள் பில்களை ஒட்டிக் கணக்கை முடியுங்கள், தள்ளிப்போனால் அடுத்த வருஷக் குழுவுக்கு முன்பணம் கிடைப்பது சிரமம். வந்த பள்ளிகளுக்கு ஒரு கடிதமும், ஸ்டால்களில் எழுதி வைத்த கேள்விகள் அந்தந்தத் திட்டக் குழுவுக்கும் அவர்களுடைய கைடுக்கும் போகட்டும்.

கடைசி வேலை ஜூனியர்களுக்கான கோப்பு. அனுமதிக் கடிதத்தின் நகல், ஹால் வரைபடம், ஸ்டால் வாரியாக வாட் கணக்கு, செலவுப் பட்டியல், அச்சகம் முதல் மேஜை வாடகைக்காரர் வரை போன் எண்கள், ஒத்திகையில் எடுத்த குறிப்புகள். இவற்றைத் துறை அலமாரியில் ஒரு பிரதியும் துறையின் டிரைவில் ஒரு பிரதியும் வையுங்கள். மாணவரின் சொந்தக் கணக்கில் போட்டால் அவர் படிப்பை முடித்துப் போகும்போது கோப்பும் போய்விடும்.